அங்கே இல்லாத பெட்டி

முதல் அடி ஆசிரின் வலது தோளில் விழுந்தது. மண்வெட்டிக் காம்பு. குனிந்து ஒன்பதாவது கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தவன் குப்புற விழுந்தான். இரண்டாவது அடி தரையில் ஊன்றிய கையின்மேல். விரல்கள் இரண்டு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

"மூணு மாசத்துல நீ நாலாவது ஆளுடா," என்றார் அடித்தவர்.

அவர் மாதேஸ்வரன். ஏற்காட்டு மலையில் மாரமங்கலம் ஊருக்கு மேலே கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். அந்தக் கற்களுக்குக் கீழே அவருடைய மூத்த மகள் கவிதா இருந்தாள். பன்னிரண்டு வயது. ஐப்பசியில் காய்ச்சலில் போனவள். தலைச்சன் பிள்ளையின் எலும்பை மந்திரவாதிகள் மை செய்யத் தோண்டுவார்கள் என்று பெற்றவர்கள் பயந்தார்கள். மூன்று முறை கற்கள் புரண்டு கிடந்ததைப் பார்த்தபின் மாதேஸ்வரன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, காப்பிச் செடி மறைவில் காவல் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தம்பி மாதேஷ் ஓடிவந்தான். மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரத்தில் ஆசிரைச் சேர்த்துக் கட்டினான். "எந்த மந்திரவாதிடா அனுப்புனான்? பேரச் சொல்லு."

"யாரும் அனுப்பலைங்க. இது ஒரு விளையாட்டு. இங்க பெட்டி ஒளிச்சு வச்சிருக்குன்னு போன்ல காட்டுது..."

வாயில் குத்து விழுந்தது. "எம்பொண்ணு மேல ஏறி வெளையாடுறியா நீ?" மாதேஸ்வரனின் குரல் உடைந்திருந்தது. அடுத்த குத்து உடையாமல் விழுந்தது.

"நான் தங்கியிருக்கிற ஓட்டல்ல வேலை பாக்குற ஹரிஹரன்னு ஒருத்தர். அவர் வச்ச பெட்டிதான். நம்பர் என் போன்ல இருக்கு, கேட்டுப் பாருங்க," என்றான் ஆசிர், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

ஏற்காட்டில் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் நின்றிருந்த ஹரிஹரன் போனை எடுத்தான்.

"ஏனுங்க, மாரமங்கலத்துல எங்க தோட்டத்துக்குள்ள பெட்டி ஏதாச்சும் வச்சீங்களா?" என்று கேட்டான் மாதேஷ்.

"இல்லீங்களே. தோட்டத்துல நான் எதுவும் வைக்கலீங்க."

அது உண்மைதான். அந்த உண்மையின் முடிவில் காம்பு எலும்பில் படுகிற சத்தமும் ஆசிரின் அலறலும் கேட்டன. பிறகு போன் நின்றுவிட்டது.

ஜியோகேச்சிங் என்ற அந்த விளையாட்டில் ஒளித்து வைக்கும் பெட்டிகளுக்கு வகை உண்டு. சாதாரண வகை என்றால் வரைபடம் காட்டும் புள்ளியிலேயே பெட்டி இருக்கும். புதிர் வகை என்றால் அந்தப் புள்ளி வெறும் பேருக்கு. புதிரை விடுவித்தால்தான் சரியான இடம் தெரியும். அவன் வைத்தது புதிர்ப் பெட்டி. அது இருந்தது மாரமங்கலம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பாறை இடுக்கில். பேருக்கு வைத்த புள்ளியை, வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த ஏதோ ஓரிடத்தில் கட்டைவிரலால் குத்தியிருந்தான். புதிர் என்றால் ஆள் வருவதில்லை என்று வகையைச் சாதாரணம் என்று போட்டுவிட்டான். 'இரண்டு மணி நேரம் தேடினோம், கல்லையெல்லாம் புரட்டினோம், வகை தப்பு, மாற்றுங்கள்' என்று மூன்று பேர் கோபமாக எழுதியிருந்தார்கள். விளையாடத் தெரியாதவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் மாற்றாமலே விட்டான். இன்று காலை ஆசிர் கேட்டபோதுகூட, "போய்ப் பாருங்க சார், கெடைக்கும்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினான்.

தப்பு செய்தவனுக்கும் கடவுள் திரும்பி நடக்க ஒரு நிமிடம் தருகிறார். ஹரிஹரன் அந்த நிமிடத்தில் பைக் சாவியை எடுத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது ஆசிரின் தலை தொங்கியிருந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. மாதேஸ்வரன் கையில் இப்போது காம்பு இல்லை, கொடுவாள் இருந்தது.

"அவர விட்டுருங்கண்ணா. தப்பு என்னுது," என்றான் ஹரிஹரன்.

"போன்ல இல்லீன்னியே?"

"பெட்டி இங்க இல்லீங்க. பஸ் நிறுத்தத்துக்கிட்ட இருக்குது. ஆனா இங்கதான் இருக்குதுன்னு எழுதி வச்சது நாந்தானுங்க."

"எதுக்கு?"

"நெறைய பேரு வரோணும்னு." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. "மூணு பேரு தப்புன்னு எழுதுனாங்க. நான் மாத்தலீங்க."

மாதேஷ் கீழே கிடந்த காம்பை எடுத்து அவன் முழங்காலில் அடித்தான். விழுந்தவன் விலாவில் மாதேஸ்வரன் உதைத்தார். மறுபடி வாயில் உதைத்தார். முன்பல் ஒன்று மண்ணில் தெறித்தது. ஹரிஹரன் கையை உயர்த்தித் தடுக்கவும் இல்லை. மாதேஸ்வரன் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கழுத்தை மரத்தோடு அழுத்தினார். கொடுவாள் மேலே போனது.

மாதேஸ்வரனின் மனைவி மாதம்மாள் சத்தம் கேட்டு வந்திருந்தாள். தண்ணீர்ச் சொம்புடன் கட்டுண்டவனிடம் போயிருந்தாள். அடிபட்டவன் யாராயிருந்தாலும் தாகம் தாகம்தானே. ஆசிர் குடிப்பதற்கு முன் பேசினான்.

"அக்கா, என் போன எடுங்க. கல்லைத் தொடறதுக்கு முன்னாடி படம் எடுத்திருக்கேன். எது எங்க இருந்துச்சோ அங்கயே வச்சிடலாம். கல்லு மேல இருந்த வளையல் அந்தச் செடிக்குக் கீழ இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்."

அந்த விளையாட்டுக்காரர்களில் நல்லவர்களின் பழக்கம் அது. எதை நகர்த்தினாலும் முதலில் படம் எடுப்பார்கள், பிறகு இருந்தபடியே வைப்பார்கள். மாதம்மாள் செடிக்குக் கீழே பார்த்தாள். மடித்த கைக்குட்டையின்மேல் அவள் மகளுக்கு வைத்த ஆறு கண்ணாடி வளையல்களும் ஒன்றுகூட உடையாமல் வரிசையாக இருந்தன. குழந்தைகள் கல் அடுக்கி விளையாடிய இடம் என்று ஆசிர் நினைத்திருந்தான்.

"ஏனுங்க," என்று அவள் கணவனைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. எலும்பெடுக்க வந்தவன் வளையலுக்குத் துணி விரிப்பானா?"

கொடுவாள் அந்தரத்தில் நின்றது. மாதேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆயுதத்தைக் காப்பிச் செடிகளுக்குள் எறிந்துவிட்டு, தன் வலது கையை யாருடைய கையோ என்பதுபோல விரித்துப் பார்த்தார்.

"போன்ல எழுதுனத இப்பவே அழி," என்றார் ஹரிஹரனிடம்.

ரத்தம் பட்ட விரலை போனின் கண்ணாடி ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து மூன்றாவது முறைதான் முடிந்தது. மாதேஸ்வரன் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"இனி யாரும் வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்கண்ணா."

"அவ மேல யாரும் கை வைக்கமாட்டாங்களா?"

ஹரிஹரன் புள்ளி அழிந்த வரைபடத்தை அவரிடம் திருப்பிக் காட்டினான்.

மாதம்மாள் கட்டை அவிழ்த்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து மாதேஷ் கற்களை அடுக்கினான். மாதேஸ்வரன் ஆசிரை முதுகில் சுமந்து, கீழே ரோட்டில் நின்ற தன் ஜீப் வரைக்கும் இறங்கினார். ஹரிஹரன் பின்னால் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டை எடுத்துக்கொண்டு, எப்படி ஆச்சு என்று கேட்டாள்.

"பைக்குல விழுந்துட்டோம்," என்று ஆரம்பித்தான் ஹரிஹரன்.

"விழல," என்றார் மாதேஸ்வரன். "நாந்தான் அடிச்சேன். அப்படியே எழுதிக்குங்கம்மா. போலீஸ் வரட்டும்."

நர்ஸ் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. மாதேஸ்வரன் சுவரோரம் நின்றார். ஆசிர், முறிந்த கையை மடியில் வைத்தபடி, மெதுவாக நகர்ந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.

"உக்காருங்கண்ணா. போலீஸ் வர நேரமாகும்," என்றான்.