பதினைந்து நிமிடத் தோல்

1

இந்தக் கதை என் அம்மாவின் கையிலிருந்து வந்தது. முதலில் அதை மறைக்கப் பார்த்தேன். ‘கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிலாளியின் கை’ என்று தொடங்கினேன். அது யாருடைய கையாகவும் இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்த தொடக்கம்: ‘தோல் என்பது நம் உடலின் மிகப் பெரிய—’

பாடப்புத்தகம். இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். அவள் பெயர் ஏஞ்சலின். வயது இருபத்து நான்கு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டாள். அவள் அம்மா முத்தம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு பம்பு கம்பெனியில் உதிரிபாகங்களைத் துடைக்கிறாள்.

2

கையில் ஒட்டும் கிரீஸைப் போக்க ஒரு புதுத் திரவம். விற்பனைக்கு முன் சோதிக்கும் வேலை ஏஞ்சலினுக்கு வந்தது. தட்டில் வளர்த்த மனிதத் தோல் செல்கள்மேல் திரவத்தை விட்டாள். பதினைந்து நிமிடம் கழித்துக் கழுவினாள். இரண்டு நாள் காத்திருந்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள் பிழைத்திருந்தன. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதே கணக்கு. சுத்தமான வேலை.

(எழுதும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

3

அன்று சாயங்காலம் முத்தம்மா விரல் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா கை இப்டி கீது?”

“புதுசா ஒரு தண்ணி சேம்பிளுக்குக் குட்த்துக்கீறாங்க. கிரீஸு சூப்பரா போவுது. தோலும் கூடவே போவுது.”

ஏஞ்சலின் அதன் பெயரைக் கேட்டாள். அதே திரவம்.

“தேச்சதும் கழுவிடுறியா?”

“எங்கடி கழுவறது? கொழா அந்தக் கோடியில கீது. டீ டைமே பத்து நிமிசம். துணியில தொட்ச்சிட்டு கிளவுஸ மாட்டிக்கினு உக்காந்துடுவோம். ஷிப்டு முடியற வரிக்கும் அப்டியேதான்.”

“நாங்க லேப் தட்டுல கால் மணியில கழுவிட்டுதாம்மா பாத்தோம்.”

“அப்போ உன் தட்டுல கீறவங்களுக்கு நல்ல சூப்பர்வைசர் போல!”

4

(கதையை நிறுத்திவிட்டு ஒரு குறிப்பு. மேல்தோலின் உச்சியில் இருப்பவை இறந்த செல்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புதான் நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. அது கரைந்தால் தோல் வறண்டு வெடிக்கும். நரம்பு எரியும், இரத்தம் ஓடி வரும், வீங்கும். தட்டில் இருக்கும் செல் பிழைக்கும், அல்லது சாகும். அதற்கு எரிய நரம்பு இல்லை, வீங்க இரத்தம் இல்லை. வியர்வையில் ஊறிய கையுறையும் இல்லை. தட்டு பொய் சொல்லவில்லை. நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது.)

5

அறிக்கையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘தோலுக்குப் பாதுகாப்பானது.’ அதன் கீழே ஏஞ்சலின் தட்டச்சு செய்தாள்: ‘பதினைந்து நிமிடத்தில் கழுவினால் மட்டும். கழுவாமல் கையுறைக்குள் எட்டு மணி நேரம் இருப்பது சோதிக்கப்படவில்லை.’

கையெழுத்திட வேண்டியவர் ஆய்வகத் தலைவர் ஜோதிலட்சுமி.

இங்கே எனக்குச் சந்தேகம். இவ்வளவு கூச்சக்காரி இதைச் செய்வாளா? ‘அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு அவள் அவசரமாக வெளியே—’ என்று எழுதினேன். இல்லை. அவள் போகவில்லை.

“இந்த வரிய யாரு கேட்டாங்க, ஏஞ்சலின்?”

“யாரும் கேக்கல மேடம்.”

“டெஸ்ட்டு குடுத்த பார்ட்டி வேற லேபுக்குப் போய்டுவான். உன் வேலைக்கும் நான் கேரண்டி தர முடியாது.”

ஏஞ்சலின் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

“நான் செஞ்ச டெஸ்ட்டு கரெக்டு மேடம். அது எதுவரிக்கும் கரெக்டுன்னும் நான்தான் சொல்லணும்.”

6

மேடம் அந்த வரியை அடிக்கலாம். எட்டு மணி நேரச் சோதனைக்கு உத்தரவிடலாம். அதிலும் நரம்பு இருக்காது. முத்தம்மாவை வரச் சொல்லி அவள் கையைப் பார்க்கலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நடக்கக் கூடியவைதான். எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அந்த வரியை அவளே திரும்ப வாங்கிக்கொண்டதாக மட்டும் எழுதாதீர்கள். அதற்கு அவள் சம்மதிக்கமாட்டாள்.