முட்டை வளையங்கள்

அந்தப் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பவன் தம்பி. தேய்த்ததைச் சோதிப்பவள் அக்கா. வீட்டில் அவள் வாய்க்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு இங்கேயும் அவள்தான். பிசகில்லாத ஒரு மாதிரிக் கண்ணாடியின் மேல் அவன் லென்ஸை வைத்து, மஞ்சள் விளக்கடியில் குனிந்து பார்ப்பாள். இரண்டுக்கும் நடுவே முடியைவிட மெல்லிய காற்று மாட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் மையத்தில் ஒன்றுமில்லாமல் இருந்து, ஓரத்துக்குப் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். அந்தக் காற்றின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் ஓரிடத்தில் கைகோத்துப் பளிச்சிடும். இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்து இருட்டாகும். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். அவை வட்டமாக இருந்தால் லென்ஸ் தேறிவிட்டது.

தேய்க்கும்போது லென்ஸை விரலால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே வாட்டத்தில் தேய்த்தால் வளையம் முட்டையாக நீளும். கொஞ்ச நாளாகத் தம்பியின் லென்ஸெல்லாம் அப்படித்தான் வந்தன. கோழிப்பண்ணை வைத்திருக்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பட்டறையே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். இனிமேல் திருப்புகிறேன் என்றான். அவனுக்குச் சோம்பல் தலைக்கேறிவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். 'திருப்பவில்லை' என்று சீட்டில் எழுதி, தேதி போட்டு ஒட்டி, கழித்துப்போட்ட லென்ஸுகளோடு அலமாரியில் வைப்பாள்.

ஒரு காலையில் அவன் வீட்டைப் பூட்டப் போனான். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு திருப்பப் பார்த்தான். பின்னால் நின்ற அக்கா சாவியை வாங்கித் தானே பூட்டினாள்.

பட்டறைக்குப் போனதும் அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி, தேதிவாரியாக விளக்கடியில் வைத்தாள். நேற்றையது நல்ல முட்டை. போன மாதத்தது அதைவிடக் கொஞ்சம் உருண்டை. ஏழு மாதத்துக்கு முந்தையது ஒரு நூலளவுதான் நீண்டிருந்தது. அதிலும் அவள் கையெழுத்தில் 'திருப்பவில்லை' என்று இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் டாக்டர் அவன் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். நரம்பு எங்கோ நசுங்கியிருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்திருக்கிறீர்கள் என்றால் கை பழையபடி ஆகிவிடும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, ஒரு மாதம் இருக்கும் என்று தம்பி அவசரமாகச் சொன்னான். வேலை போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு.

"இல்ல டாக்டர், ஏழு மாசம்," என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவு நாளாகிவிட்டால் கையில் வற்றிப்போன சதை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மெதுவாகச் சொன்னார். தேய்ப்பு வேலையை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இருவரும் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு அவன் கேட்டான்.

"ஏழு மாசம்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"வாரா வாரம் பாத்துட்டுத்தானேடா இருந்தேன்," என்றாள்.