மூன்றாவது முத்திரை

பட்டமளிப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. படிப்பின் ஒருங்கிணைப்பாளர் அதை நின்றபடியே வாசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்றிருந்தது. தப்பில்லை.

பொது சுகாதாரத்தில் முதுகலை. மூன்று நாடுகளில் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு. முடித்தவர்களுக்கு மூன்று முத்திரையும் பதித்த ஒரே பட்டம். முதல் ஆறு மாதம் இவளுடைய பல்கலைக்கழகத்தில், அடுத்த ஆறு மாதம் கடலோரத்தில் இருந்த இரண்டாவதில், கடைசி ஒரு வருடம் மூன்றாவதில். மூன்றாவதுதான் பழசு, பேர்போனது. அலுவலகத்தில் அதைப் 'பெரிய வீடு' என்றே சொல்வார்கள். "அப்போ நாம ரெண்டு பேரும் என்ன, சின்ன வீடா?" என்று கடலோரத்து அதிகாரி ஒருநாள் தொலைபேசியில் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அவரும் இவளும் எட்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு தயாரித்ததுதான் மதிப்பெண் அட்டவணை. இங்கே திருத்துவது கறார். ஐம்பது வாங்கினால் தேர்ச்சி. பெரிய வீட்டில் தாராளம். அறுபது வாங்கினால்தான் தேர்ச்சி. மூன்று இடத்து விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இங்கத்திய ஐம்பதும் அங்கத்திய அறுபதும் ஒன்று என்று எழுதி, மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்திருந்தார்கள்.

இப்போது பெரிய வீட்டின் புதிய பதிவாளர் எழுதியிருந்தார்: பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குப் பட்டம் தரலாம். மூன்று பேர் உங்களிடம் எழுதிய முதல் பருவத்துப் புள்ளியியலில் அறுபதுக்குக் கீழே. அவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் வழங்கப்படும். ஒன்பது பேரின் பட்டங்கள் கூரியரில் வருகின்றன.

அந்த மூன்று பேரில் ஒருத்தி நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். சம்பளமில்லாத விடுப்புப் போட்டு, ஆறு வயது மகளைக் கணவனிடமும் நாத்தனாரிடமும் விட்டுவிட்டுப் போனாள். தடுப்பூசிக்குக் குழந்தைகள் ஏன் இரண்டாவது தடவை வருவதில்லை என்று அவள் எழுதிய ஆய்வேட்டுக்குத்தான் அந்த வருஷத்தின் முதல் மதிப்பெண். கொடுத்ததே பெரிய வீடுதான்.

ஒருங்கிணைப்பாளர் டீனிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒன்பது பேர் வாங்குறாங்களேம்மா. முதல் பேட்சுக்கு அது நல்ல கணக்குதான்."

"மத்த மூணு பேரும் பாஸ் சார்."

"நம்ம கணக்குல பாஸ். அவங்க கணக்குல இல்லையே. பெரிய இடம், பகைச்சுக்கிட்டா அடுத்த வருஷம் படிப்பே நின்னுடும். பக்குவமா நடந்துக்கோ."

மறுநாள் காணொளிக் கூட்டம். திரையில் பதிவாளர், அவர் பக்கத்தில் அங்கே இந்தப் படிப்பைப் பார்த்துக்கொள்ளும் புரொபசர், இன்னொரு கட்டத்தில் கடலோரத்து அதிகாரி. ஒருங்கிணைப்பாளர் அட்டவணையின் கடைசிப் பக்கத்தைத் திரையில் காட்டினாள்.

"இது உங்க பல்கலைக்கழகத்துக் கையெழுத்துதானே சார்?"

"கையெழுத்து இருக்கலாம்" என்றார் பதிவாளர். "எதுக்கும் ஒப்புதல் தர வேண்டியது எங்க செனட். அது இதைப் பார்க்கவே இல்ல. செனட் பார்க்காத காகிதம் எங்களுக்கு வெறும் காகிதம்."

"செனட்டுக்கு யார் அனுப்பியிருக்கணும்?"

புரொபசர் மேஜையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். பிறகு மென்று முழுங்கிச் சொன்னார். "நான்தான். அனுப்பணும்னுதான் இருந்தேன். வேலை மேல வேலை, அப்படியே தள்ளிப் போயிடுச்சு."

"ரெண்டு வருஷமா?"

"குரலை உயர்த்தாதீங்க" என்றார் பதிவாளர்.

"உயர்த்தல சார். அந்த நர்ஸோட ஆய்வேட்டை உங்க இணையதளத்துல முதல் பக்கத்துல போட்டிருக்கீங்க. அவ எழுதினது வேணும், அவ வேண்டாம். நீங்க ஒரு காகிதத்தை அனுப்ப மறந்ததுக்கு அவ ஃபெயிலா?"

கடலோரத்து அதிகாரி மட்டும், "எனக்கும் அதே கேள்விதான்" என்றார். பதிவாளர் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

அன்று மாலை நர்ஸிடம் ஒருங்கிணைப்பாளரே தொலைபேசியில் சொன்னாள். மறுமுனையில் வார்டின் சத்தம் கேட்டது. நர்ஸ் அழவில்லை.

"மாவட்டத் தடுப்பூசி அதிகாரி வேலைக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள பட்டத்தைக் காட்டணும்க்கா. அது போகட்டும். நான் எதுல தோத்தேன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுலயும் இல்லம்மா" என்றாள் இவள்.

கூரியர் வந்தது. கெட்டித் தாளில் ஒன்பது பட்டங்கள். அவற்றை வழங்குமுன் முடிவுப் பட்டியலில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட வேண்டும். அவள் இடவில்லை. பட்டங்களை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். டீன் கூப்பிட்டனுப்பினார்.

"இதை நிறுத்த நீ யாரும்மா?"

"சரிபார்த்தேன்னு கையெழுத்துக் கேக்குறீங்க. சரியா இல்லாததை எப்படி சார் சரின்னு போடுறது? வேற யாராவது போடட்டும்."

வேறு யாரும் போட முன்வரவில்லை. டீனும் போடவில்லை. அன்றே அவளுக்கு மெமோ வந்தது.

ஒன்பது பேருக்கும் அவளே தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். ஐந்து பேர், காத்திருக்கிறோம் என்றார்கள். மூன்று பேர் முனகினார்கள். ஒருத்தன் மட்டும் நேராகவே கேட்டான். "எனக்கு வேலை போச்சுன்னா நீங்க வாங்கித் தருவீங்களா?" அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், "அவன் கேட்டது நியாயம்தானே?" என்றாள் கணவனிடம். "நியாயம்தான்" என்றான் அவன். "அதுக்காக நீ பீரோவைத் திறக்கப் போறியா?" அவள் தட்டைத் தள்ளிவைத்து, இல்லை என்று தலையசைத்தாள்.

கடலோரத்து அதிகாரி தம் பங்குக்கு எழுத்தில் கொடுத்தார்: அட்டவணை ஏற்கப்படும்வரை எங்கள் முத்திரையையும் பயன்படுத்தக் கூடாது. பட்டமளிப்பில் பன்னிரண்டு பேருக்கும் வெற்று உறைகளைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மேடையில் இருந்த பெரிய வீட்டுப் புரொபசர் நர்ஸுக்கும் கைகொடுத்தார். உறைக்குள் என்ன இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு மூன்று வாரம் கழித்து அங்கே செனட் கூடியது. அட்டவணை முப்பத்தோராவது பொருளாக வந்தது. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். நடவடிக்கைக் குறிப்பில் நேரம் போட்டிருந்தது: நான்கு நிமிடம்.

பீரோவில் இருந்த ஒன்பதோடு மீதி மூன்று பட்டங்களும் வந்துசேர்ந்தபோது நர்ஸ் போட்டிருந்த விண்ணப்பத்தின் கெடு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பட்டத்தை வாங்கிக்கொள்ள அவள் வார்டிலிருந்து சீருடையோடு நேராக வந்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முத்திரையையும் பார்த்தாள்.

"நாலு நிமிஷ வேலையாக்கா இது?"

"ஆமா."

"நாலு நிமிஷத்துக்காக என் பொண்ணுகிட்ட, அம்மாவோட நைட் டியூட்டிய இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னு சொல்லணும்."

ஒருங்கிணைப்பாளர் டீ வரவழைத்தாள். நர்ஸ் குடிக்கவில்லை. தாமதம் முழுவதும் பல்கலைக்கழகங்களால்தான், நர்ஸால் அல்ல என்று சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் தயாரித்து டீனிடம் கொண்டுபோனபோது, அவர் "யோசிப்போம்" என்றார். ஒருங்கிணைப்பாளர் யோசிக்கவில்லை. தன் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அதற்கும் ஒரு மெமோ வந்தது.

கடிதம் வீண்போகவில்லை. அடுத்த வருஷம் வேறொரு மாவட்டத்தில் அதே வேலை காலியானபோது நர்ஸைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வீட்டை மாற்றி, மகளை வேறு பள்ளியில் சேர்த்து, குடும்பமாகப் போனாள். பெரிய வீட்டிலிருந்து அவளுக்கு மன்னிப்பு என்று ஒரு வரிகூட வரவில்லை.

பெரிய வீட்டின் இணையதளத்தில், இரண்டாவது பேட்சுக்கான விளம்பரத்தில் பட்டமளிப்பு மேடைப் படத்தைப் போட்டிருந்தார்கள். வெற்று உறையோடு நர்ஸ், கைகுலுக்கும் புரொபசர். இது இருக்கட்டுமா என்று ஒருங்கிணைப்பாளர் நர்ஸிடம் கேட்டாள்.

"எடுக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் நர்ஸ். "இல்லன்னா நடந்ததையும் கீழ எழுதச் சொல்லுங்க."

ஒருங்கிணைப்பாளர் அதை அப்படியே பெரிய வீட்டுக்கு எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் படத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு டீன் புதிய ஒப்பந்தத்தை அவள் மேஜைக்கு அனுப்பினார். மூன்று செனட்டின் தீர்மான எண்களும் தாளில் ஏறாமல் ஒரு மாணவரையும் சேர்க்கப்போவதில்லை என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி, அவள் அதைத் திருப்பியனுப்பினாள். மூன்று எண்களும் வந்துசேரும்வரை, அந்த வருஷம் சேர்க்கை நான்கு மாதம் தள்ளிப்போனது.