ஏழாவது ஆள்

ஆறு மணி என்றால் ஆறு மணி. இதை நான் சொன்னால் எங்கள் அணியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்குக் காரணமும் நான்தான். வேன் ஆறுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்து என்று சொல்லிவைப்பது என் வழக்கம். ரக்பி ஆடுகிற பெண்பிள்ளைகள். ஒருத்திக்குக் காலுறை கிடைக்காது, ஒருத்தியின் அப்பா எழுந்திருக்கமாட்டார். நாளடைவில் பெற்றோர் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஐந்து என்றால் ஆறு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியே காலம் ஓடியது.

இந்த முறை வேன்காரருக்கு அடுத்து வேறு சவாரி. ஆறுக்கு மேல் நிற்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரி, ஒரு தடவையாவது உண்மையைச் சொல்வோமே என்று ஆறு என்றே சொன்னேன். அதுவே வினையாகப் போனது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கதவைத் தட்டி நானே இழுத்துவந்தேன். என் மகளோடு ஆறு. வேறு இரண்டு பேருக்குக் காய்ச்சல். தையல்காரரின் இரட்டைப் பெண்களைக் காணோம்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று போனில் கத்தினேன்.

"பிள்ளைங்க இப்பத்தான் பல்லு விளக்குதுங்க. ஏழுக்குத்தானே?"

"ஆறுன்னு சொன்னேனே!"

"ஆமா, ஆறுன்னு சொன்னீங்க. அதான் ஏழு."

வேன் ஆறு பேரோடு கிளம்பிவிட்டது.

நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கதவை இடிக்கும்போதுகூட நான் இப்படிப் பதறியதில்லை. இது என் மகளின் கடைசிப் போட்டி. அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதற்கு மேற்பட்ட பெண்களுக்கு எங்கள் கிளப்பில் அணியே கிடையாது. இத்தனை வருடத்தில் அவள் ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. பாதியில் எங்காவது லிப்ட் நிற்கும், போன் வரும், ஓடுவேன். இன்றைக்கு லீவு போட்டிருந்தேன். அந்த நீலச் சட்டையை நானே துவைத்து, நானே காயவைத்தேன். இனி அதை அவள் போடப்போவதில்லை.

மைதானத்தில் விதி ஒன்றுதான்: ஏழு பேர் இல்லாமல் இறங்க முடியாது. எதிரணி மனசு வைத்தால் ஒருத்தியைக் கடன் கொடுக்கலாம். கோச் என் மச்சினி, மனைவியின் தங்கை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் குட்டி போட்ட பூனையாக எல்லைக்கோட்டில் நடந்தேன்.

முதல் ஆட்டம் சிவப்பு அணியோடு. அவர்களிடம் பத்துப் பேர். அவர்களின் கோச், உயரமான ஒரு பெண்மணி, தானாகவே வந்தார்.

"ஆளில்லாம ஜெயிச்சு என்ன பண்றது? இவளை வச்சுக்குங்க" என்று தலையில் ரிப்பன் கட்டிய ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்றேன் மச்சினியின் காதில். "பந்தை அவங்க கையிலேயே குடுத்துடுவா, பாரு."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்களேன்."

ரிப்பன் எங்கள் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். தன் சொந்தத் தோழிகளை ஏமாற்றி ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதை ட்ரை என்பார்கள். இரண்டு ட்ரை போட்டாள். அவர்களில் இருந்ததிலேயே கெட்டிக்காரியைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று பாதி ஆட்டத்தில் தெரிந்தது. நாங்கள் ஜெயித்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆட்டத்தில் எதிரணி கொடுத்த பெண் பந்து வந்தாலே விலகி வழிவிட்டாள். தோற்றோம். அதன்பிறகுதான் தையல்காரர் இரட்டையரைக் கூட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து இறங்கினார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திட்டுவது?

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், மறுபடி சிவப்போடு. இப்போது நாங்கள் எட்டுப் பேர். அவர்கள் பக்கம் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியிருந்தது, தலையில் அடிபட்ட இரண்டு பேரை டாக்டர் உட்காரவைத்துவிட்டார், ரிப்பனை அவள் வீட்டார் ரயிலுக்கு நேரமாச்சென்று கூட்டிப்போய்விட்டார்கள். மிச்சம் ஆறு. அந்த உயரமான பெண்மணி எங்களைப் பார்த்தார். வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை.

"இரட்டைல சின்னவளை அனுப்பு" என்றேன் உடனே மச்சினியிடம். "அவளுக்கு இன்னும் தூக்கமே கலையல."

"காலைல அவங்க யாரைக் குடுத்தாங்கப்பா?" என்றாள் மகள்.

அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "அதெல்லாம் வேற. நீ பேசாம நில்லு."

"நான் போறேன் சித்தி."

"இது உன் கடைசி மேட்ச்டி! இந்தச் சட்டைல நீ ஆடறதை ஒரு தடவை முழுசாப் பாக்கணும்னுதான் லீவு போட்டு வந்திருக்கேன். வேற எவ வேணா போகட்டும். நீ போகக்கூடாது!"

என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். மச்சினி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போடி கண்ணு" என்றாள். அந்த நிமிடம் மச்சினியை எனக்கு அறவே பிடிக்கவில்லை.

மகள் கூடாரத்துக்குள் போய்ச் சிவப்புச் சட்டையோடு வெளியே வந்தாள். அவளைப் பார்க்காமல் தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கோ லிப்ட் நின்றிருக்கும். முதல்முறையாகப் போனை அணைத்தேன்.

சமமாகவே போனது ஆட்டம். கடைசி நிமிடம். எங்கள் பக்கம் நழுவிய பந்தை மகள் அள்ளிக்கொண்டு கிளம்பினாள். எதிரே இரட்டையரில் சின்னவள் மட்டும்தான். அவள் மகளின் இடுப்பைப் பிடித்தாள். மகள் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போனாள்.

"ஓடு! ஓடுடி! விடாதே!"

"மாமா, நம்ம எந்தப் பக்கம்?" என்றாள் மச்சினி.

எனக்குக் காது கேட்கவில்லை. மகள் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தைத் தரையில் அழுத்தினாள். விசில் ஊதிவிட்டார்கள். தோற்றது நாங்கள். கத்திய கத்தலில் என் தொண்டை கட்டிப்போயிருந்தது.

எங்கள் பிள்ளைகள் ஓரமாகக் கூடி உம்மென்று நின்றார்கள். மகள் சேறு வழிய அவர்களிடம் போனாள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிட்டியே" என்றாள் சின்னவள், அழுகிற குரலில்.

"கடைசி வரைக்கும் பிடியை விடலையே நீ" என்றாள் மகள்.

அந்த உயரமான பெண்மணி வந்து மகளின் தோளைத் தட்டி, சட்டையைத் திருப்பிக் கேட்டார். மகள் தலைவழியே சிவப்புச் சட்டையைக் கழற்றினாள். உள்ளே நீலம் இருந்தது. வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது.

சின்னவள்தான் முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மற்றவர்களும் வந்து மேலே விழுந்தார்கள்.

கூட்டம் விலகியதும் நான் பக்கத்தில் போனேன். "இந்த வெயில்ல ரெண்டு சட்டையா? வெந்துபோயிருப்பியே. எதுக்குடி?"

"இந்தச் சட்டைல பாக்கணும்னு நீதானேப்பா கத்தினே" என்றாள்.

அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று பாட்டிலைத் தேடிக் கூடாரம் வரைக்கும் போனேன். பாட்டில் என் கையில்தான் இருந்தது.