பிஸ்கட் டின்னில் கிடந்த பாரம்

ஜெயபாலன் தன் தம்பி மனோகரனுக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி. முட்டி அறுவைக்கு வாங்கிய கடன். தம்பி லாரி ஓட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, செத்துப்போய் மூன்று மாதமாகிறது. கடனைக் கேட்க அவன் மனைவி யோகேஸ்வரி தெப்ராவிலிருந்து பஸ் ஏறி, பண்டார் தெங்காராவுக்கு அப்பால் இருக்கும் தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“பேங்க்ல காச பூட்டிட்டாங்க மச்சான். உயில் எழுதி வெக்கலியாம். வீட்ட என் பேருக்கு மாத்த தானா ஆபிஸ்ல, அதான் நிலத்து ஆபிஸ்ல, விசாரணையாம். எப்ப கூப்புடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியல லா. பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்குக்கூட கையில காசில்ல.”

“இ.பி.எஃப். சேமநிதிக் காசு?”

“அதுக்கு கோர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாரிசு யாருன்னு எழுதிக் குடுத்த பாரத்துல பேரு இருக்கிறவங்களுக்கு நேரா போயிடுமாம். இருக்கிறது உங்க பேரு.”

அவருக்கு அது தெரியும். கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால், அண்ணனும் தம்பியும் தோட்டத்தில் கட்டைவிரல் வைத்துச் சம்பளம் வாங்கிய காலத்தில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, அண்ணன் பெயரைத் தம்பியின் பாரத்திலும் தம்பி பெயரை அண்ணனின் பாரத்திலும், அதாவது சேமநிதிப் படிவத்தில், எழுதி வைத்தார். அது அப்படியே நின்றுவிட்டது. நாற்பத்தோராயிரம் வெள்ளி.

“போன தீவாளிக்கு என் பேர எழுதச் சொல்லி உங்ககிட்ட புதுப் பாரம் குடுத்தேன்னு சொன்னாரே?”

கொடுத்தான்தான். “நீதான் முதியோர் வகுப்புல எழுத்து படிச்சவன், எழுதிக் குடுண்ணே” என்றான். ஐம்பது வயதில் படித்த எழுத்து. மலாய் வரிகள் முன்னால் வந்ததும் கண்ணுக்குள் கலங்கிப்போனது. தெரியவில்லை என்று தம்பியிடம் சொல்ல வெட்கம். அப்புறம் எழுதலாம் என்று வாங்கி வைத்தவர்தான். அலமாரி மேல் பிஸ்கட் டின்னில் அது இன்னும் ஒரு எழுத்தும் ஏறாமல் கிடக்கிறது.

வருகிற பிப்ரவரியில் அவருக்கு அறுபது; வேலையிலிருந்து ஓய்வு. தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக இடமில்லை. செம்பனைக் குலை வெட்டி வெட்டித் தேய்ந்த தோளும், அறுத்தும் சரியாகாத முட்டியும்தான் மிச்சம்.

“எங்கிட்டயா? ஞாபகம் இல்லியே, ம்மா.”

யோகேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த மாதம் பணம் அவர் கணக்கில் ஏறியது. மறுநாளே தெப்ராவுக்குப் போனார். வாசலில் நின்றபடியே உறையை நீட்டினார். “கடன் காசு” என்றார். உட்காரச் சொல்வாளோ என்று நினைத்தார். அவள் சொல்லவில்லை. ஐம்பது வெள்ளித் தாள்களை எண்ணிவிட்டு, உள்ளே போய் ஒரு பத்து வெள்ளித் தாளைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“பத்து வெள்ளி கூட இருக்கு.”

“பிள்ளைங்களுக்கு வெச்சுக்க.”

“வேணாம். அவரு காசுலயே அவருகிட்ட வாங்குன கடன அடைச்சிட்டீங்க, மச்சான். கணக்கு முடிஞ்சிருச்சு.”

கதவைச் சாத்தினாள். அந்தப் பத்து வெள்ளியைத்தான் அவர் பஸ்காரரிடம் நீட்டினார்.