பதினாலு பட்டை டயர்

சலூன்காரர் சொல்லுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. எதைச் சொன்னாலும் "ஆமாங்க", "அதேதாங்க" என்றுதான் பதில் வரும். கடைச் சுவருக்கு ஊதா நிறம் அடித்தபோது எல்லோரும் பிரமாதம் என்றார்கள். சவரம் செய்துகொண்டே அவர் பாடும் பாட்டையும் அப்படித்தான் பாராட்டினார்கள். கழுத்தோரம் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் மாற்றிப் பேசுவார்கள்? இந்தச் சின்ன விஷயம் அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவரோ அதைத் தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நம்பி, நாளுக்கு நாள் பூரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கதை வேறு. அவர் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஊருக்கு அவர் டிரைவரம்மா. வீட்டுக் காரையும் அவர்தான் ஓட்டுவார். சலூன்காரர் ஒரே ஒரு முறை அந்தக் காரை எடுத்தார். வாசல் கேட் இன்றைக்கும் கோணலாகத்தான் நிற்கிறது. அதன் பிறகு அவருக்கென்று மிஞ்சியது, இருவரும் ஆசைப்பட்டு வாங்கிய ஏடிவி ஒன்றுதான். நாலு தடித்த சக்கரம், பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில், இரண்டு பேர் நெருக்கி உட்கார ஓர் இருக்கை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் மணல் மேடுகளில் அதை அவர்தான் ஓட்டுவார், டிரைவரம்மா பின்னால் உட்காருவார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் சலூன்காரர் முன்னால் இருப்பார்.

அந்த மேடுகளில் பெரியதை எல்லோரும் பெரியண்ணன் என்பார்கள். ஒரு ஞாயிறு அதில் பாதிகூட ஏற முடியவில்லை. வண்டியோடு வந்த டயர் மண் ரோட்டுக்கானது, கட்டி கட்டியாகப் பல் வைத்தது. மணலில் அது ஏறுவதை விட்டுவிட்டுக் குழி தோண்ட ஆரம்பித்தது. இறங்கித் தள்ளியதில் இருவர் வாயிலும் மணல்.

"மணல் டயர் மாத்தணும்," என்றார் டிரைவரம்மா, துப்பிக்கொண்டே. "டயர் கடையில கேளுங்க. இந்த எஞ்சினுக்கு எது சரிவரும்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாததா?"

"இந்த டயரே போதும்னு சொன்னதும் நீங்கதான்." டிரைவரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இங்க பாருங்க. அடுத்த தடவை பெரியண்ணன் உச்சிக்குப் போகலேன்னா ஹேண்டில் என் கைக்கு வந்துடும். நீங்க பின்னாடிதான். அப்புறம் எப்பவுமே பின்னாடிதான்."

சலூன்காரர் வீறாப்பை விடாமல் சரி என்று தலையாட்டினார்.

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. மணல் டயர் என்பது வழுவழுப்பான டயர். குறுக்கே துடுப்பு மாதிரி ரப்பர் பட்டைகள் நிற்கும். பின் சக்கரத்தில் மாட்டினால் பட்டைகள் மணலை வாரித் தள்ளி வண்டியை முன்னே கொண்டுபோகும். அவர் வண்டிக்கு இரண்டு வகை கிடைத்தது, எட்டுப் பட்டை வைத்தது ஒன்று, பதினாலு பட்டை வைத்தது ஒன்று. எதை வாங்குவது என்பதை நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். கேட்கும் முறை மட்டும் கொஞ்சம் தனி.

"எட்டு, பதினாலுன்னு ரெண்டு இருக்கு. எனக்கென்னவோ பதினாலுதான்னு படுது. துடுப்பு கூடினா வேகமும் கூடும் இல்ல? நீங்க என்ன சொல்றீங்க?" என்பார். கத்தி அப்போது தாடைக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்காவது இருக்கும்.

வங்கி மேலாளர் பதினாலு என்றார். தலைமையாசிரியர் யோசிக்காமல் பதினாலு என்றார். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வந்திருந்த மாப்பிள்ளைப் பையன், "இருபது இருந்தாக்கூடப் போடலாம் அண்ணே," என்றான்.

கடைசியில் டயர்க்காரரே சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு டயர் வட்டமாக இருக்கும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இவருக்கோ அதுதான் பிழைப்பு. மனிதர் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்களுது சின்ன எஞ்சின். பட்டை அதிகமானா..."

சலூன்காரர் சவரத்தை அப்படியே நிறுத்தினார். கவனமாகக் கேட்கத்தான் நிறுத்தினார், பாவம். ஆனால் கத்தி நின்ற இடம் டயர்க்காரரின் தொண்டை முடிச்சு.

"அதிகமானா?"

டயர்க்காரர் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. "அதிகமானா... நல்லாத்தாண்ணே இருக்கும்."

அன்று சாயங்காலமே பதினாலு பட்டை டயர் மாட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சமதளத்தில் வண்டி ஜோராகப் போனது. பின்னால் மணல் வாணவேடிக்கை மாதிரிச் சிதறியது. சலூன்காரர் திரும்பி, "எப்படி?" என்று மிதப்பாகக் கேட்டார். பெரியண்ணன் மேல் முன் சக்கரம் ஏறியதும் எஞ்சின் முனக ஆரம்பித்தது. ஒவ்வொரு பட்டையும் மணலை வண்டி வண்டியாக வாரியது. வாரியதைத் தள்ள எஞ்சினுக்குத் தெம்பில்லை. முனகல் இருமலானது, இருமல் விக்கலானது, அதோடு சரி. போன வாரம் நின்ற இடத்துக்குக்கூடப் போகவில்லை. வண்டி இருவரையும் சுமந்துகொண்டு நிதானமாகப் பின்னால் வழுக்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

டிரைவரம்மா கைபேசியை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, டயர்க்காரரைக் கூப்பிட்டார்.

"என்னப்பா டயர் குடுத்தே? எஞ்சின் இழுக்கவே மாட்டேங்குது."

"அக்கா, அந்த எஞ்சினுக்கு எட்டுதான். நான் அதைத்தான் சொல்ல வந்தேன்."

"வந்தவன் சொல்ல வேண்டியதுதானே?"

டயர்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "கத்தி கழுத்துல இருந்துச்சுக்கா."

டிரைவரம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தார். சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கி மேலாளர், தலைமையாசிரியர், மாப்பிள்ளைப் பையன் என்று வரிசையாக முகங்கள் கண்முன் வந்தன. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு கழுத்து தெரிந்தது. கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அப்ப எல்லாரும் பொய்யா சொன்னீங்க? ஊதா பெயிண்டு?"

"அண்ணே..."

"பாட்டு? என் பாட்டுமா?"

"அண்ணே, சிக்னல் சரியா இல்ல," என்றதோடு அழைப்பு அறுந்துபோனது.

சலூன்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். எட்டுப் பட்டை டயரை மாட்டிய பிறகு வந்த ஞாயிறு, யாரும் சொல்லாமலே பின்னால் போய் ஏறிக்கொண்டார். டிரைவரம்மா ஹேண்டிலைப் பிடித்தார். வண்டி ஒரு முறைகூடத் திணறாமல் பெரியண்ணன் உச்சிக்குப் போய் நின்றது. இனி வாழ்நாள் முழுக்க மனைவியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தபோது சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"இறங்குங்க. முன்னாடி வாங்க," என்றார் டிரைவரம்மா.

"நான்தான் தோத்துட்டேனே."

"வாரம் பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கையே மரத்துப் போச்சு. பின்னாடி வண்டி நிறையப் பிள்ளைங்க கத்திக்கிட்டே வருது. ஒரு நாளாவது நானும் பின்னாடி உக்காந்து கத்தணும்னுதான் இந்த வண்டிக்கே ஆசைப்பட்டேன். மேல ஏறாத வண்டியில என்னத்தைக் கத்துறது?"

"அப்ப ஹேண்டில் வேண்டாமா உனக்கு?"

"எனக்கு எதுக்கு அது? விஷயம் தெரிஞ்சவங்களை ஒரு வார்த்தை ஒழுங்கா கேளுங்கன்னேன். அவ்வளவுதான்."

சலூன்காரர் முன்னால் வந்து உட்கார்ந்தார். கீழே பார்த்தார். இடது பக்கம் சரிவு நீளமாகச் சாதுவாக இறங்கியது. வலது பக்கம் செங்குத்து.

"இடது பக்கமா போகவா, வலது பக்கமா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே ஓட்டுறீங்க."

இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை. இரண்டு பக்கமும் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"வலது பக்கம்தான் ஆசையா இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா பயமா இருக்கு."

"எனக்கும்தான். போங்க."

பெரியண்ணனின் வலது சரிவில் அன்று இரண்டு அலறல்கள் இறங்கி வந்ததைக் கீழே நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதில் பெரிய அலறல் முன்னாலிருந்துதான் வந்தது.