எல்லாம் பச்சை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செடிக்கு நோய் பிடித்தால் எல்லாருக்கும் மிட்டாய் கொடுப்போம். வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். உளுந்தை மஞ்சளாக்கும் வைரஸின் மரபணு முழுவதையும் படித்து, நகலெடுத்து, அந்த நகலைச் செடியில் ஏற்றுவது என் வேலை. வயலில் வருகிற அதே நோய் தொட்டியிலும் வந்தால்தான் நகல் சரி. அதன் பிறகுதான் எந்த விதை நோயைத் தாங்கும் என்று சொல்ல முடியும்.

இந்த வைரஸின் மரபணு இரண்டு வளையங்களாக இருக்கும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால்தான் நோய் வரும். தங்கை கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் கிளம்பும் அவசரத்தில் நான் ஒன்றை மட்டும் ஏற்றியிருக்கிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது. நோயைத் தாங்குமா என்று பார்க்க வேண்டிய புது விதை ஒரு வரிசை, கட்டாயம் நோய் பிடிக்க வேண்டிய பழைய விதை ஒரு வரிசை; பழையதற்கும் பிடிக்காவிட்டால் சோதனையே செல்லாது.

மூன்றாம் வாரம், தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சிவசண்முகம் அண்ணாச்சிக்கு ஊரிலிருந்து போன் போட்டேன்.

"பிடிச்சிருக்கா அண்ணாச்சி?"

"ஒண்ணும் பிடிக்கலம்மா. எல்லாம் பச்சையா நிக்கி."

எல்லாம் என்றால் பழைய விதையும்தானே? கேட்டிருக்க வேண்டும். புது விதை ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் திரும்புவதற்குள் இடமில்லை என்று தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். காதால் கேட்டதை வைத்தே அறிக்கை எழுதினேன். பத்தமடையில் உளுந்து போடும் உலகம்மாள் அக்காவிடம் விதையைக் கொடுத்து, தைரியமா விதைங்க என்றும் சொன்னேன்.

மாசியில் அவருடைய இரண்டு ஏக்கரும் மஞ்சளாகிவிட்டது. போன் வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது வளையத்தின் குப்பி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அன்றைக்கே பத்தமடைக்குப் போனேன்.

"ஒன் விதையில குத்தமில்ல தாயி," என்றார் அக்கா. "எம் மருமவ பிரேமலதாதான் பழைய விதையைக் கலந்துட்டா. நல்லா ஏசிட்டேன். கோவிச்சிக்கிட்டு ராதாபுரத்துக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அவங்க கலக்கல அக்கா. நான்தான் சோதனையைச் சரியாச் செய்யல. தெரியாமலே நோய் வராதுன்னு சொல்லிட்டேன்."

ஏசுவார் என்று காத்து நின்றேன். ஏசவில்லை. மருமகளுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"நீயே சொல்லு."

சொன்னேன்.

"அப்படியா மேடம்? எல்லாரும் சொல்லச் சொல்ல, நானும் கலந்திருப்பேன்னே நம்பிட்டேன். நேத்துதான் அத்தைக்கு போன் போட்டு, ஆமா நாந்தான்னு ஒத்துக்கிட்டேன்."